வேலியோரச் செங்காந்தள்: ராயக்கோட்டைச் சாலை நாற்றுப்பண்ணையில் வாங்கிய ஆறு கிழங்குகள்

கிருஷ்ணகிரியிலிருந்து ராயக்கோட்டை செல்லும் சாலையில், மாந்தோப்புகளுக்கு நடுவே இருக்கும் ஒரு நாற்றுப்பண்ணையில் சென்ற ஆடி மாதம் ஆறு செங்காந்தள் கிழங்குகளை வாங்கினேன். ஒன்று 80 ரூபாய் வீதம் 480 ரூபாய் ஆயிற்று. பூச்செடியைப் பற்றி வாங்கிய மறுவாரமே எழுதுவதில் பொருளில்லை. முளைவிட்டுப் படர்ந்து பூத்துக் காய்த்து மடியும் வரை ஒரு முழுப் பருவத்தைப் பார்த்துவிட்டு எழுதலாம் என்று காத்திருந்தேன். இப்போது மாசி பிறந்துவிட்டது, வேலியில் கொடி காய்ந்துவிட்டது, மண்ணுக்கடியில் புதிய கிழங்குகள் உறங்குகின்றன. அந்தப் பண்ணையைப் பற்றி எனக்கு ஆழ்ந்த நிறைவும் இருக்கிறது, பெரிய மனக்குறை ஒன்றும் இருக்கிறது. குறையை எடுத்துச் சொன்னதும் காதுகொடுத்துக் கேட்ட சிறிய இடம் என்பதால் பெயரை எழுதவில்லை. நடந்ததை மட்டும் உள்ளபடி எழுதுகிறேன்.

நான் பிறந்து வளர்ந்தது பென்னாகரம் பக்கத்தில். பள்ளிக்கு நடந்து போன வண்டிப்பாதையின் இருபுறமும் முள்கிளுவை வேலி இருக்கும். ஐப்பசி மழை நின்று கார்த்திகை தொடங்கும்போது, இலையுதிர்த்த அந்த முள்வேலிக்குள்ளிருந்து எங்கள் தலை உயரத்திற்குச் செங்காந்தள் பூக்கள் தீப்பிடித்தாற்போல் எட்டிப் பார்க்கும். எங்கள் ஊரில் அதைக் கண்வலிப்பூ என்பார்கள். உற்றுப் பார்த்தால் கண்வலி வரும் என்று சொல்லி வைத்திருந்தார்கள். இதையே கலப்பைக்கிழங்கு என்றும் கார்த்திகைப்பூ என்றும் ஊருக்கு ஊர் வெவ்வேறு விதமாக அழைக்கிறார்கள். கபிலர் குறிஞ்சிப்பாட்டில் 99 பூக்களை அடுக்கும்போது முதலில் வைப்பது ‘ஒண்செங் காந்தள்’. தமிழ்நாட்டின் மாநில மலரும் இதுவே. ஆனால் அந்த வண்டிப்பாதையில் இன்று ஒரு கொடியைக்கூடக் காண முடியவில்லை. பாதையைக் குறை சொல்ல முடியாது, அது தார்ச்சாலையாகிப் பேருந்து வருகிறது. வேலிதான் போய்விட்டது. நம் பகுதியில் கருங்கல்லுக்குப் பஞ்சமில்லாததால், கிளுவையை வேரோடு பிடுங்கிவிட்டுக் கல்லுக்கால் நட்டுக் கம்பி இழுத்துவிட்டார்கள். கல்லுக்காலில் காந்தள் ஏறாது.

ஏன் ஏறாது என்பதை இந்த ஆண்டு என் வீட்டுப் பின்புறத்தில் கண்ணால் பார்த்துத் தெரிந்துகொண்டேன். காந்தளுக்கு அவரைக்கொடியைப் போலத் தண்டு சுற்றும் பழக்கம் இல்லை. பாகற்கொடியைப் போலத் தனியாகப் பற்றுக்கம்பி விடுவதும் இல்லை. அதன் இலையே கையாக நீள்கிறது. இலை நுனி மெலிந்து, நூல்போல் ஆகி, கிடைக்கிற சுள்ளியைத் தேடிச் சுருண்டு பிடித்துக்கொள்கிறது. அந்தப் பிடிக்குள் அடங்குவதற்குத் தீக்குச்சி பருமனுள்ள சிம்பும் முள்ளும் வேண்டும்; கல்தூணை அது எப்படிக் கட்டிப்பிடிக்கும்? முட்புதர், கிளுவை, காரைச்செடி, சூரைமுள் இவற்றின் அடியில் கிழங்கு மறைந்திருக்க, மேலே வெயிலைத் தேடி அந்த முள்ளைப் பற்றிக்கொண்டே ஏறுவதுதான் அதன் வாழ்வு. ஆடும் மாடும் வாய்வைக்க முடியாத இடம் அது. கோடையில் மண் சூடாகாத இடம். மழை பெய்தால் நீர் தங்காமல் சரிந்து ஓடிவிடும் இடமும் அதுவே. மேலகிரி மலைச்சரிவுகளிலும், ஒகேனக்கல் போகும் வழிக் காட்டிலும், சித்தேரி, தீர்த்தமலைப் பக்கத்துப் பாறை இடுக்குகளிலும் அது பிழைத்திருப்பதற்குக் காரணம் இந்த மூன்றும் ஒன்றுசேர்ந்து அங்கே கிடைப்பதுதான். அங்கும்கூட உண்ணிச்செடி புகுந்து அடர்ந்த இடத்தில் பழைய புதர்கள் மூச்சுத்திணறுகின்றன.

கிழங்குக்கு வேறொரு பகையும் உண்டு. இதன் கிழங்கிலும் விதையிலும் கொல்சிசின் என்னும் வேதிப்பொருள் இருக்கிறது. கௌட் என்று மருத்துவர்கள் சொல்லும் மூட்டுநோய்க்கு அதிலிருந்து மருந்து செய்கிறார்கள். உயிரணுப் பிளவை நிறுத்தும் ஆற்றல் அதற்கு இருப்பதால் பயிர் ஆராய்ச்சிக் கூடங்களிலும் பயன்படுத்துகிறார்கள். விலை உண்டு என்று தெரிந்ததும் காட்டில் கடப்பாரை இறங்கிவிட்டது. தாராபுரம், மூலனூர், ஒட்டன்சத்திரம் பக்கம் விவசாயிகள் பந்தல் போட்டுக் கண்வலிக்கிழங்கைப் பயிராகவே வளர்த்து விதை எடுத்து விற்கிறார்கள் என்பது உண்மை. ஆனால் அந்தப் பந்தலுக்கும் முதல் கிழங்கு எங்கோ ஒரு காட்டிலிருந்தோ வேலியிலிருந்தோ வந்ததுதான். கிருஷ்ணகிரி, தருமபுரி என்னும் நமது இரண்டு மாவட்டங்களின் காடுகளில் ஒரு பகுதி 2014-இல் காவேரி வடக்கு வனவிலங்குச் சரணாலயமாகவும், 2022-இல் காவேரி தெற்கு வனவிலங்குச் சரணாலயமாகவும் அறிவிக்கப்பட்டுவிட்டது. அங்கிருந்து அனுமதியின்றி ஒரு செடியைத் தோண்டினாலும் குற்றம். அப்படியிருந்தும் ஒரு வாரச்சந்தையில் செம்மண் ஒட்டிய கிழங்குகளைக் கூறுகட்டி விற்றதை நானே பார்த்திருக்கிறேன். சுண்டுவிரல் அளவிலிருந்து ஒரு முழம் வரை அளவுக்கொன்றாக, பாதி கடப்பாரை பட்டு வெட்டுண்டு கிடந்தன. ஒரே பாத்தியில் ஒரே வயதில் வளர்ந்த கிழங்குகள் அப்படி இருக்காது. அன்று வாங்காமல் திரும்பிவிட்டேன்.

ஆகவே ராயக்கோட்டைச் சாலைப் பண்ணைக்குப் போனபோது நான் முதலில் கேட்டது விலையை அல்ல. “இது எங்கிருந்தும்மா வந்தது?” என்று கேட்டேன். பண்ணையைக் கவனித்துக்கொள்ளும் பெண்மணி சற்றும் தயங்காமல், “காட்டுல நோண்டுனது இல்லீங்க சார். விதை போட்டு நாலு வருஷமா நாங்களே வளர்த்தது. வந்து பாருங்க” என்று சொல்லி நிழல்வலைக் கொட்டகைக்குக் கூட்டிப்போனார். நான் அந்தப் பண்ணையை நம்பத் தொடங்கிய இடம் அதுதான்.

கொட்டகையில் ஒன்று முதல் நான்கு வயது வரையிலான செடிகள் நான்கு வரிசையாக இருந்தன. முதல் ஆண்டு நாற்று, கோரைப்புல் என்று நினைத்துப் பிடுங்கி எறிந்துவிடக்கூடிய அளவுக்கு மெலிந்து இருந்தது. அதன் அடியிலிருந்த கிழங்கை அவர் விரலால் மண்ணைத் தள்ளிக் காட்டினார், பட்டாணி அளவுதான் இருந்தது. இரண்டாம் ஆண்டில் சுண்டுவிரல் நகக்கணு அளவு. மூன்றாம் ஆண்டுச் செடி மூங்கில் குச்சியைப் பிடித்து ஏறத் தொடங்கியிருந்தது, ஆனால் பூக்கவில்லை. நான்காம் ஆண்டில்தான் விற்பனைக்கு எடுக்கிறார்கள். விதை போட்டவர் பூவைப் பார்க்க மூன்று நான்கு ஆண்டுகள் காத்திருக்க வேண்டும் என்பதால்தான் இந்தப் பொறுமை யாருக்கும் வருவதில்லை, தோண்டி விற்பது எளிதாகப் போய்விடுகிறது. நான்கு ஆண்டுகள் ஒரு பாத்தியைக் காத்து, அதிலிருந்து ஒரு கிழங்கை 80 ரூபாய்க்குக் கொடுப்பதை அதிக விலை என்று நான் சொல்லமாட்டேன். சந்தையில் அதே கிழங்கு பாதி விலைக்குக் கிடைத்தாலும் மீதிப் பாதி விலையைக் காடு கொடுத்திருக்கிறது.

அன்று இன்னொன்றும் நடந்தது. கொடைக்கானலில் ஒருமுறை பார்த்த வெள்ளைக் காட்டு லில்லி கிடைக்குமா என்று கேட்டேன். நீலகிரி, பழனி மலைகளின் உச்சிப் புல்வெளிகளில், ஊதுகுழல் வடிவத்தில் மணத்தோடு பூக்கும் பெரிய வெள்ளைப் பூ அது. சென்னை மாகாணத்தில் பணியாற்றிய ஸ்காட்லாந்து மருத்துவரும் தாவரவியலாளருமான ராபர்ட் வைட் அதற்கு நீலகிரியின் பெயரையே வைத்து லிலியம் நீல்கெரென்ஸ் என்று பெயரிட்டார். லிலியம் பேரினத்தில் தென்னிந்தியாவுக்கே உரியதாக இயற்கையில் வளர்வது அது ஒன்றுதான். இமயத்தை விட்டால் அதன் உறவினர்களைப் பார்க்க வெகுதூரம் போக வேண்டும். பண்ணை உரிமையாளர் அப்போதுதான் வண்டியிலிருந்து இறங்கி வந்தார். “அது இங்க வராதுங்க சார். வெச்சாலும் சாகும். எங்கயாவது கிழங்கு தர்றேன்னு சொன்னா அது மலையில திருடுனதாத்தான் இருக்கும், வாங்காதீங்க” என்றார். அவர் சொன்னது முற்றிலும் சரி. அந்தப் பூ சோலைக்காட்டின் ஓரத்துப் புல்வெளியைச் சேர்ந்தது. தென்மேற்குப் பருவமழையில் நனைந்து, மூடுபனியில் மூழ்கி, மார்கழி தை மாதங்களில் உறைபனியைத் தாங்கும் மண் அது. அந்தப் புல்வெளிகளிலும் பெரும்பகுதி தேயிலைக்கும் தைலமரத்துக்கும் வேல வகையைச் சேர்ந்த வாட்டில் மரத்துக்கும் போய்விட்டது. பங்குனியில் பாறை வெடிக்கும் கிருஷ்ணகிரி வெயிலில் அந்தக் கிழங்கு ஒரு கோடையைத் தாண்டாது. அவர் நினைத்திருந்தால் நெதர்லாந்திலிருந்து வரும் கலப்பின வெள்ளை லில்லிக் கிழங்கு ஒன்றை எடுத்து “இதுதான் சார் மலை லில்லி” என்று கொடுத்திருக்கலாம். அவை பக்கத்து மேசையிலேயே இருந்தன. கொடுக்கவில்லை. ஒரு கடைக்காரர் விற்க மறுத்த பொருளை வைத்து அவரை மதிப்பிடும் பழக்கம் எனக்கு உண்டு.

கிழங்கின் தரத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். செங்காந்தள் கிழங்கு கலப்பையின் வடிவத்தில் இரண்டு கைகளாகக் கவைத்திருக்கும். கலப்பைக்கிழங்கு என்ற பெயரும், வடமொழியில் கலப்பையைக் குறிக்கும் லாங்கலி என்ற பெயரும் அதனால் வந்தவை. ஒவ்வொரு கையின் நுனியிலும் ஒரே ஒரு முளைக்கண் இருக்கும். உருளைக்கிழங்கைப் போல உடலெங்கும் கண் இராது. அந்த நுனி ஒடிந்தால் அந்தக் கை முளைக்காது. தொட்டால் ஒடியும் பொருள் இது. கேரட்டைவிட எளிதில் முறியும். இது தெரிந்தும் பண்ணையில் ஆறு கிழங்குகளையும் ஒரே பாலித்தீன் பையில், அடியில் சிறிதளவு தென்னைநார்க்கழிவைப் போட்டுக் கட்டிக் கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்து பிரித்தபோது இரண்டு கிழங்குகளில் நுனி ஒடிந்திருந்தது. ஒன்றில் மறுகை நன்றாக இருந்ததால் பிழைத்தது. மற்றொன்றில் இரண்டு நுனியும் போயிற்று. படம் எடுத்து அனுப்பியதும், மறுமுறை வரும்போது மாற்றித் தருவதாகச் சொன்னார்கள். இரண்டு வாரம் கழித்துப் போனபோது கேள்வி கேட்காமல் வேறு கிழங்கு கொடுத்தார்கள். எடை எல்லாவற்றிலும் ஏறக்குறைய சமமாகவே இருந்தது, தோல் பழுப்பாகச் சுருக்கமில்லாமல் இருந்தது, அழுகல் இல்லை. பூக்கும் வயதுக் கிழங்கு என்று அவர்கள் சொன்னது பொய்யாகவில்லை.

இனி மனக்குறைக்கு வருகிறேன். இதை எழுதுவதற்காகவே இந்தக் கட்டுரையைத் தொடங்கினேன் என்றுகூடச் சொல்லலாம்.

செங்காந்தள் செடியின் எல்லாப் பகுதியும் நஞ்சு. கிழங்கிலும் விதையிலும் நஞ்சு மிகுதி. சிறிதளவு தின்றாலும் சில மணி நேரத்தில் வாந்தியும் வயிற்றுப்போக்கும் தொடங்கும். அது நின்றதும் தேறிவிட்டார் என்று நினைத்திருக்கும்போதே அடுத்த சில நாள்களில் சிறுநீரகமும் இதயமும் இரத்த அணுக்களும் பாதிக்கப்படும். பிழைத்தவர்களுக்கு ஓரிரு வாரத்தில் தலைமுடி கொத்துக்கொத்தாக உதிரும். வேகவைத்தாலும் நஞ்சு நீங்குவதில்லை. வள்ளிக்கிழங்கு என்று நினைத்து அவித்துத் தின்று உயிரிழந்தவர்கள் தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் இருக்கிறார்கள். இதற்கு மருத்துவமனைகளில் எளிதில் கிடைக்கும் மாற்றுமருந்து இல்லை. உடலைத் தாங்கிப்பிடிக்கும் சிகிச்சைதான் உண்டு.

நான் வாங்கிய பையின்மேல் இதில் ஒரு சொல்லும் எழுதப்பட்டிருக்கவில்லை. உள்ளே ஒரு சிறு அச்சுத்தாள் இருந்தது. அது முழுக்க ஆங்கிலத்தில் இருந்தது. நடவு ஆழம், தண்ணீர், உரம் ஆகியவற்றைப் பற்றி மட்டுமே பேசியது. எனக்கு நஞ்சு என்று தெரியும். வீட்டில் எல்லோருக்கும் தெரியுமா?

வாங்கி வந்த அன்று மாலை மழை பிடித்துக்கொண்டதால் பையைப் பின்திண்ணையில் வைத்துவிட்டுக் கடைக்குப் போயிருந்தேன். திரும்பி வந்தபோது என் தாயார் அந்தக் கிழங்குகளில் மூன்றை நீரில் அலசி, தென்னைநாரைத் துடைத்து, சமையலறை மேடையில் கத்தியோடு வைத்திருந்தார். நம் மாவட்டங்களில் மரவள்ளி தெருவுக்குத் தெரு விளைகிறது. மழை மாலையில் கிழங்கு அவிப்பது வழக்கம். “ஏம்பா, இது என்ன வள்ளி, இவ்ளோ வெளுப்பா இருக்குது? ரெண்டு விசில் விட்டுட்டா போதுமா?” என்று கேட்டார். அவருக்கு 74 வயது. கண்வலிப்பூவை என்னைவிட நன்றாக அறிந்தவர். வேலியில் பார்த்தால் விலகி நடக்கச் சொல்லிக் கொடுத்ததே அவர்தான். ஆனால் அவர் வாழ்நாளில் அதன் பூவைப் பார்த்திருக்கிறாரே தவிர, தோண்டிக் கழுவிய கிழங்கைப் பார்த்ததில்லை. அவருடைய கையிலிருந்து அதை வாங்கும்போது என் கை நடுங்கியது. கத்தியையும் மேடையையும் இரண்டுமுறை சோப்புப் போட்டுக் கழுவினோம். அன்று இரவு வெகுநேரம் தூக்கம் வரவில்லை. பத்து நிமிடம் தாமதமாக வந்திருந்தால் என்ற எண்ணம் இப்போதும் வந்துபோகிறது.

பண்ணைக்குத் தொலைபேசியில் சொன்னபோது அந்தப் பெண்மணி சிறிது நேரம் பேசவே இல்லை. பிறகு, “எல்லாருக்கும் தெரியும்னு நெனச்சுட்டோம் சார்” என்றார். அந்தப் பதிலில் வஞ்சகம் இல்லை. ஆனால் தெரியும் என்று நினைப்பது ஒரு விற்பனையாளருக்குப் போதாது. மிகக் கொடிய பூச்சிக்கொல்லிப் புட்டியில் மண்டையோட்டுப் படம் போடாமல் யாரும் விற்பதில்லை. வள்ளிக்கிழங்கைப் போலவே தோற்றமளிக்கும் நஞ்சை வெறும் பையில் கட்டிக் கொடுப்பது அதைவிட ஆபத்து. கார்த்திகையில் மறுபடி போனபோது சில பைகளின்மேல் சிவப்பு மையில் ‘விஷக் கிழங்கு, சாப்பிடக் கூடாது’ என்று கையால் எழுதி ஒட்டியிருந்தார்கள். சில பைகளில் இல்லை. ஒரு பையிலாவது இல்லை என்றால் அந்த வேலை முடியவில்லை என்றே பொருள். இந்தக் காரணத்துக்காகத்தான், மற்ற எல்லாவற்றிலும் மனம் நிறைந்தும், இந்தப் பண்ணைக்கு ஐந்துக்கு மூன்றரை மதிப்பெண்ணுக்கு மேல் கொடுக்க என் மனம் ஒப்பவில்லை. எல்லாப் பையிலும் தமிழில் அச்சிட்ட எச்சரிக்கை வந்துவிட்டால் நாலரை கொடுப்பேன்.

நடவு பற்றி அவர்கள் வாயால் சொன்ன அறிவுரை, அச்சுத்தாளைவிடப் பன்மடங்கு பயனுள்ளதாக இருந்தது. கிழங்கைப் படுக்கவைத்து, இரண்டு அங்குல ஆழத்தில், முளைக்கண் சற்று மேல்நோக்கும்படி புதைக்கச் சொன்னார்கள். களிமண்ணில் வைக்காதே, மணல் கலந்த செம்மண்ணில் வை என்றார்கள். பூவாடி இலை பழுக்கத் தொடங்கியதும் தண்ணீரை நிறுத்து, கோடையில் ஒரு சொட்டுகூட ஊற்றாதே என்று அழுத்திச் சொன்னார்கள். காட்டில் அது மாசி முதல் வைகாசி வரை நிலத்துக்கடியில் உறங்கும் செடி. மலை காய்ந்து கருகிக் கிடக்கும்போது அது உயிரோடு இருப்பதே அந்த உறக்கத்தால்தான். ஐந்தை வேலியோரத்திலும் ஒன்றைத் தொட்டியிலும் வைத்தேன். தொட்டிக்கு மட்டும் மாடித்தோட்டத்துச் சொட்டுநீர்க் குழாய் போய்க்கொண்டிருந்தது. ஆவணிக் கடைசியில் தொட்டியைக் கிளறியபோது கிழங்கு கூழாகியிருந்தது. அதில் பண்ணையின் தவறு ஏதுமில்லை.

வேலியோரத்து ஐந்தும் முளைத்தன. முதல் முளை மண்ணைப் பிளந்து வந்தது நட்ட பதினெட்டாம் நாள். பச்சை ஈட்டி முனைபோல் இருந்தது. நான் கிளுவைப் போத்துகளை வெட்டிவந்து நட்டு உயிர்வேலி போட்டிருந்ததால் கொடிக்குப் பற்றுக்கோல் தேட வேண்டியிருக்கவில்லை. ஒரு நாள் காலை ஒரே ஓர் இலை நுனியைக் குறிவைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். முள்ளின் பக்கத்தில் கொக்கிபோல் வளைந்து நின்றது. மறுநாள் மாலை முள்ளை ஒரு சுற்றுச் சுற்றியிருந்தது. மூன்றாம் நாள் இரண்டரைச் சுற்று. இழுத்தால் இலை கிழிந்ததே தவிரப் பிடி விடவில்லை. புரட்டாசியில் கறுப்பு உடலில் வெள்ளையும் செம்மஞ்சளுமாகப் புள்ளிவைத்த புழுக்கள் வந்து இலையை ஓட்டை ஓட்டையாகத் தின்றன. லில்லி வகைச் செடிகளையே தின்று வாழும் அந்துப்பூச்சியின் புழு அது. இவ்வளவு நஞ்சைத் தின்றும் அது கொழுக்கிறது. பண்ணையில் கேட்டதற்கு ஒரு மருந்தின் பெயரைச் சொல்லி வாங்கிக்கொள்ளச் சொன்னார்கள். நான் கையுறை போட்டுப் புழுவைப் பொறுக்கி எடுத்தேன். ஐந்து செடிக்கு அதுவே போதுமானதாக இருந்தது. இப்படிக் கேட்டவுடன் மருந்தை எடுத்து நீட்டுவதை அந்தப் பண்ணை விட்டுவிட்டால் நன்று.

ஐப்பசி கடைசி வாரம் முதல் மொட்டு தலைகவிழ்ந்து தொங்கியது. காந்தள் பூ விரியும் முறையை அருகில் நின்று பார்த்திராதவர்களுக்கு அதை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. மொட்டு வெளிர்பச்சையாகக் கீழ்நோக்கி இருக்கும். விரியும்போது ஆறு இதழ்களும் கீழே திறக்காமல், திருப்பி மேல்நோக்கி மடிந்து, ஓரமெல்லாம் நெளிநெளியாக எழுந்து நிற்கும். முதல் நாள் அடியில் மஞ்சளும் பச்சையும். அடுத்தடுத்த நாள்களில் நுனியிலிருந்து சிவப்பு இறங்கிவந்து, ஒரு வாரத்தில் பூ முழுவதும் குருதிச் சிவப்பாகிவிடும். ஒரே கொடியில் மூன்று நிலையில் பூக்கள் இருக்கும்போது மூன்று வெவ்வேறு செடிகள் என்றே தோன்றும். மகரந்தத்தாள்கள் ஆறும் குடைக்கம்பிபோல் சுற்றிலும் விரிய, சூல்தண்டு மட்டும் அடியிலேயே செங்கோணமாக மடிந்து ஒரு பக்கமாக விலகி நிற்கிறது. தன் மகரந்தம் தன்மேலேயே படாமல் விலகிக்கொள்ளும் அமைப்பு அது. பெரிய பட்டாம்பூச்சியோ தேன்சிட்டோ வந்து இறகு உரசிப் போனால்தான் காய் பிடிக்கும். பந்தல் போட்டு வளர்ப்பவர்கள் காலை நேரத்தில் ஆளை விட்டுப் பூவுக்குப் பூ கையால் மகரந்தம் தொட்டு வைப்பது இதனால்தான். என் வேலியில் நான் தொட்டு வைக்கவில்லை. ஊதாத் தேன்சிட்டு ஒன்று காலையில் வந்துகொண்டிருந்தது. 23 பூக்களில் நான்கு காயாயின. நான்கே போதும். தை மாதம் காய் வெடித்தபோது உள்ளே செம்மஞ்சள் நிற விதைகள் மாதுளை முத்துப்போல் அடுக்கியிருந்தன. குழந்தைகள் உள்ள வீட்டில் அந்தக் காய் வெடிக்கும் வரை விட்டுவைக்கக் கூடாது என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன். அந்த நிறம் எந்தக் குழந்தையையும் கூப்பிடும்.

பூத்த செடியைத் தொட்டியோடு 350 ரூபாய்க்கும் அங்கே விற்கிறார்கள். கார்த்திகையில் அதைத்தான் பலர் வாங்கிப் போகிறார்கள். நான் பரிந்துரைக்க மாட்டேன். வளையக் கம்பியில் சுற்றிக் கட்டிய கொடியை வண்டியில் ஏற்றி இறக்கும்போதே தண்டு முறிகிறது. பிழைத்தாலும் அந்தச் சிறிய தொட்டியில் அடுத்த ஆண்டுக்கான கிழங்கு பருக்க இடமில்லை. பூ முடிந்தபின் பழைய கிழங்கு வற்றிப்போய், அதனடியில் புதுக் கவைக்கிழங்கு உருவாகும் செடி இது. ஆடியில் கிழங்காக வாங்கி மண்ணில் வைப்பதே முறை. பண்ணை ஞாயிற்றுக்கிழமைகளிலும் திறந்திருக்கிறது. கைபேசி வழியாகப் பணம் செலுத்தலாம். கூரியரில் அனுப்புவதாகவும் சொல்கிறார்கள். முளைக்கண் ஒடியும் பொருளைக் கூரியரில் வரவழைப்பதைவிட நேரில் போய், ஒரு அட்டைப்பெட்டியும் பழைய துணியும் எடுத்துப்போய், ஒவ்வொன்றாகத் துணியில் சுற்றி வாங்கிவருவது நல்லது. பெட்டியின்மேல் எழுதுவதற்கு ஒரு சிவப்புப் பேனாவையும் கொண்டுபோங்கள். ‘விஷம்’ என்று பண்ணையிலேயே எழுதிய பின்பு வெளியே எடுத்து வாருங்கள். வீட்டில் சமையலறைப் பக்கம் கொண்டுபோகாமல் நேராகத் தோட்டத்துக்கே கொண்டுபோங்கள். யாரேனும் தவறித் தின்றுவிட்டால் வாந்தி வரட்டும் பார்க்கலாம் என்று காத்திராமல், மிச்சக் கிழங்கையும் எடுத்துக்கொண்டு 108 வண்டியை அழைத்து அரசு மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும்.

நான்கு காய்களின் விதைகளை உலர்த்தி ஒரு புட்டியில் போட்டு, பெயரையும் எச்சரிக்கையையும் எழுதி, பீரோவின் மேல்தட்டில் பூட்டி வைத்திருக்கிறேன். அவற்றில் பாதியைப் பண்ணைக்கே திருப்பிக் கொடுப்பதாகச் சொன்னேன். ஆடிக்கு முன்பே கொண்டுவரச் சொன்னார்கள். மீதியைப் பென்னாகரத்தில் அண்ணன் நிலத்தில், கல்லுக்கால் நடாமல் விட்டிருக்கும் வடக்கு வரப்புக் கிளுவை வேலியோரம் தூவப் போகிறேன். அந்த வேலி இன்னும் முப்பதடி நீளத்துக்கு இருக்கிறது.